கசிவுக்கு எழுவாய் யார்?: நவீன ஓவியம், ஒளிப்படம், நிறுவல் கலை ஆகியவற்றில் சொட்டும் கசிவும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் ஓவியத்திலும் ஒளிப்படத்திலும் நீர்மம் சொட்டுவதும் கசிவதும் பாடுபொருளாகவும் செய்முறையாகவும் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் தற்செயல், கட்டுப்பாடு என்னும் இரு கருத்தாக்கங்களுக்குள் நின்றுவிடுகிறது. இக்கட்டுரை தமிழ் வினைச்சொற்களின் இயங்குவினை, இயக்குவினை வேறுபாட்டைக் கருவியாகக் கொண்டு ஹெரால்டு எட்கர்ட்டன், ஜாக்சன் பொல்லாக், ஹான்ஸ் ஹாக்கே, மார்ட்டின் கிப்பன்பெர்கர் ஆகியோரின் படைப்புகளையும், ஒளிப்படத்தில் நிகழும் ஒளிக்கசிவையும் அணுகுகிறது. கசிவு கலையாக ஏற்கப்படும்போது அதனைத் துடைப்பவரின் உழைப்பு பார்வையிலிருந்து விலகிவிடுகிறது என்பதையும், அவ்வுழைப்பைக் கணக்கில் கொள்ளாத வாசிப்பு முழுமையடையாது என்பதையும் மியர்ல் லேடர்மன் யூக்கெலெஸின் கலைச்செயல்களின் துணையோடு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சொட்டு, கசிவு, இயங்குவினை, இயக்குவினை, ஒளிக்கசிவு, பராமரிப்புக் கலை, திறனாய்வு

முன்னுரை

2011ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரிலுள்ள ஆஸ்ட்வால் அருங்காட்சியகத்தில் தூய்மைப் பணியாளர் ஒருவர் ரப்பர்த் தொட்டி ஒன்றிலிருந்த கறையைத் தேய்த்து அகற்றினார். அத்தொட்டி மார்ட்டின் கிப்பன்பெர்கரின் நிறுவல் கலைப்படைப்பு ஒன்றன் பகுதி. அந்தக் கறை, மழைநீர் தேங்கி உலர்ந்த தடம்போல் தோன்றுமாறு கலைஞர் பூசிய வண்ணம். தனியாரிடமிருந்து பெற்றுக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அப்படைப்பு 8 லட்சம் யூரோவுக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. அதனைப் பழைய நிலைக்கு மீட்க இயலாது என அருங்காட்சியகம் அறிவித்தது. செய்தி உலகெங்கும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே பரவியது.

இந்நிகழ்வை நகைச்சுவையாகக் கொள்ளாமல் ஒரு திறனாய்வுச் சிக்கலாகக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரே கறையைக் காட்சியமைப்பாளர் கலையாகவும் பணியாளர் அழுக்காகவும் கண்டனர். இவ்விரண்டு பார்வைகளில் ஒன்றை அறிவு எனவும் மற்றொன்றை அறியாமை எனவும் பிரிப்பது எளிது. ஆனால் அப்பிரிவினை எதன்மேல் நிற்கிறது என வினவும்போது, நவீனக் கலையில் சொட்டும் கசிவும் பெற்றுள்ள மதிப்பின் அடிப்படையையே ஆராய வேண்டியதாகிறது.

வினைச்சொற்கள் தரும் வழி

பொல்லாக்கின் ஓவியமுறையைத் தமிழில் 'சொட்டு ஓவியம்' எனக் குறிக்கலாம். ஆங்கிலப் பெயரின் நேர்மொழிபெயர்ப்பு என்னும் அளவில் இது பொருத்தமே. எனினும் தமிழில் நீர்மத்தின் இயக்கத்தைச் சுட்டும் வினைகள் பல. துளி துளியாக விழுவது சொட்டுதல். தொடர்ச்சியாக இறங்குவது ஒழுகுதல். நுண்துளைகளின் வழியே மெல்ல வெளிப்படுவது கசிதல். இருந்த இடம் வற்றும்படி இறங்கிப்போவது வடிதல். கலத்திலிருந்து தவறிக் கொட்டுவது சிந்துதல். மோதிச் சிதறுவது தெறித்தல். இவற்றுள் ஒன்றை மற்றொன்றன் இடத்தில் வைத்தால் தமிழறிந்தவர் உடனே வேறுபாட்டை உணர்வர்.

இவ்வினைகளின் இலக்கண அமைப்பும் கருதத்தக்கது. மரபிலக்கணம் தன்வினை, பிறவினை எனப் பேசுவதன் ஒரு பகுதியைக் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்னும் பாகுபாட்டால் விளக்கினார். 'துணி கிழிந்தது' என்பதில் கிழிதல் இயங்குவினை; 'துணியைக் கிழித்தான்' என்பதில் கிழித்தல் இயக்குவினை. நீர்ம வினைகளுள் வடிதல் மட்டும் வடித்தல் என்னும் தெளிவான இணையைப் பெற்றுள்ளது. நீர் வடிகிறது, சோற்றை வடிக்கிறோம். சிலை வடித்தல் என்னும் வழக்கில் அவ்வடிவமே கலையாக்கத்தையும் குறிக்கிறது. ஆனால் கசிதலுக்கும் ஒழுகுதலுக்கும் இக்கால வழக்கில் அத்தகைய இணை இல்லை. கூரை ஒழுகுகிறது, சுவரில் ஈரம் கசிகிறது. இங்கே மனித எழுவாயைக் கொண்டுவர விரும்பினால் 'விடு' என்னும் துணைவினையின் உதவி தேவைப்படுகிறது: ஒழுகவிட்டான், கசியவிட்டான்.

'விடு' என்பது செய்தலன்று, நிகழ இசைதல். எனவே நீர்மத்தைக் கையாளும் கலையை ஆராய மூன்று நிலைகள் கிடைக்கின்றன: தானே கசிதல், கசியவிடுதல், கசிந்ததுபோல் ஆக்குதல். இவற்றோடு நான்காவதாகத் துடைத்தல் என்னும் வினையையும் சேர்க்க வேண்டும். கசிவுக்கு எழுவாயாக நீர் போதும்; துடைப்பதற்கு எழுவாயாக ஒருவர் வேண்டும். பின்வரும் பகுதிகள் இந்நான்கு வினைகளையும் வரிசையாகப் பின்தொடர்கின்றன.

தெறித்த துளி: வொர்த்திங்டனும் எட்கர்ட்டனும்

துளி விழுந்து தெறிப்பதைக் கண்ணால் தொடர இயலாது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்த்திங்டன் இருட்டறையில் கணநேர ஒளி பாய்ச்சி, அந்நொடியில் கண்ணில் பதிந்த உருவை வரைந்து தெறிப்பின் படிநிலைகளைத் தொகுத்தார். அவ்வரைபடங்களில் தெறிப்பு ஒழுங்கான சமச்சீர் வடிவம் கொண்டிருந்தது. பின்னர் 1890களில் அதே நிகழ்வை ஒளிப்படமாக எடுத்தபோது சமச்சீர் குலைந்த வடிவங்களே கிடைத்தன. கை வரைந்தது ஒரு கருத்துருவத்தை. ஒளிப்படம் காட்டியது குறிப்பிட்ட ஒரு துளியை. 1908இல் வெளிவந்த அவருடைய தெறிப்பு பற்றிய நூல் இம்மாற்றத்திற்குப் பின் எழுந்ததாகும்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்ட்டன் இம்முயற்சியை மின்னொளித் தெறிப்புக் கருவியால் மேலெடுத்துச் சென்றார். 'பால்துளி மகுடம்' என அறியப்படும் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் 1936இலும், சிவப்புப் பின்னணியில் அமைந்த வண்ணப்படம் 1957இலும் எடுக்கப்பட்டன. மெல்லிய பால் படலத்தின்மீது ஒரு துளி விழ, விளிம்பில் முத்துகள் கோத்ததுபோன்ற வளையம் எழுகிறது. மேலே அடுத்த துளி அந்தரத்தில் நிற்கிறது.

இரு படங்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. வண்ணப்படம் பெற்ற புகழுக்கு அதன் மகுடம் ஓரளவு சீராக அமைந்திருப்பதும் காரணம் எனலாம். வொர்த்திங்டனின் ஒளிப்படங்கள் கலைத்த சமச்சீரை எட்கர்ட்டனின் ஒளிப்படம் மீண்டும் தேடுகிறது. பால் தெறித்தது என்பது இயங்குவினை; ஆயினும் எந்தத் தெறிப்பு உலகுக்குக் காட்டப்பட வேண்டும் என்னும் தேர்வு மனிதருடையது. நீரின் இயல்பைக் காட்டுவதாகத் தோன்றும் இப்படம், தான் விரும்பிய இயல்புக்காகக் காத்திருந்த ஒருவரின் படமுமாகும். அக்காத்திருப்பின்போது ஒவ்வொரு முறையும் பால் படலத்தைப் புதிதாக அமைத்திருக்க வேண்டும் என ஊகிக்கலாம். படத்தில் அதற்கான தடம் ஏதுமில்லை.

ஒழுகவிடும் கை: பொல்லாக்

1947 முதல் 1950 வரையான ஆண்டுகளில் பொல்லாக் லாங் தீவின் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தம் வீட்டையடுத்த களஞ்சியக் கொட்டகையில் கித்தானைத் தரையில் விரித்து, குச்சிகளாலும் விறைத்துப்போன தூரிகைகளாலும் வீட்டுப் பயன்பாட்டுக்குரிய எனாமல் வண்ணத்தை மேலிருந்து விழச் செய்தார். 1950இல் ஹான்ஸ் நாமுத் எடுத்த ஒளிப்படங்களும் அதையொட்டிய திரைப்படமும் இம்முறையை உலகறியச் செய்தன. 1952இல் ஹெரால்டு ரோசன்பெர்க் இத்தலைமுறை ஓவியரின் கித்தானை நிகழ்வு நடைபெறும் களமாக விளக்கினார். இதன்பின் பொல்லாக்கின் கோடுகளைத் தற்செயலின் வெளிப்பாடாகவும் ஆழ்மன எழுச்சியாகவும் காணும் போக்கு வலுப்பெற்றது.

2019இல் ராபர்ட்டோ செனித்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இப்போக்கை மறுபரிசீலனை செய்ய இடமளிக்கிறது. அவர்கள் பொல்லாக் ஓவியம் தீட்டும் படக்காட்சிகளிலிருந்து கையின் வேகத்தையும் உயரத்தையும் கணித்துச் சோதனைகளோடு ஒப்பிட்டனர். பாகுத்தன்மை மிக்க நீர்மம் மெல்லிய இழையாக விழும்போது தரையைத் தொடும் இடத்தில் கயிறுபோல் சுருள்வது இயல்பு. தேனை ஊற்றும்போது இதனை எவரும் காணலாம். பொல்லாக்கின் கை இயங்கிய வேகமும் உயரமும் பெரும்பாலும் இச்சுருளலைத் தவிர்க்கும் வகையில் அமைந்திருந்தன. இழை அறுந்து துளியாகாமலும் சுருளாகாமலும் கோடாக விழுந்தது.

அவ்வாறாயின் இவ்வோவியங்களில் முதன்மையான நிகழ்வு சொட்டுதலன்று, ஒழுகுதல். இன்னும் துல்லியமாகச் சொன்னால் ஒழுகவிடுதல். வண்ணத்தின் பாகுத்தன்மையையும் ஈர்ப்பு விசையையும் கலைஞர் உருவாக்கவில்லை. அவை செயற்படுவதற்குரிய எல்லையைத் தம் கையசைவால் வகுத்தார். தற்செயலா, கட்டுப்பாடா என்னும் வினாவே இங்கே பிழைபடுகிறது. 'விடு' என்னும் துணைவினை சுட்டும் இசைவு இரண்டிலும் அடங்காதது. 'சொட்டு ஓவியம்' என்னும் கலைச்சொல்லை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. அச்சொல் நிலைபெற்றாலும், படைப்பை விளக்கும்போது ஒழுகவிடுதல் என்னும் வினையைப் பயன்படுத்துவது காட்சியை மேலும் தெளிவாக்கும்.

ஒழுகவிட்டவர் யார் என்னும் வினாவுக்கு வரலாறு அளித்த விடையும் ஒற்றைப் பெயரில் குறுகியது. உக்ரைனில் பிறந்து புரூக்ளினில் குடும்பத்தோடு வாழ்ந்த ஜேனட் சோபெல் 1940களின் நடுவிலேயே வண்ணத்தை ஊற்றியும் சொட்டவிட்டும் முழுப்பரப்பையும் நிரப்பும் ஓவியங்களைப் படைத்திருந்தார். பெகி குகன்ஹைமின் காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டதையும் பொல்லாக் அவற்றைக் கண்டதையும் கிளெமென்ட் கிரீன்பெர்க் பதிவுசெய்துள்ளார். இருப்பினும் சோபெலின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பளவிலேயே நின்றது. ஒரே வினையைச் செய்தவர் இருவருள் ஒருவருக்கு அது பாணியாகவும் மற்றவருக்கு வீட்டுப் பெண் ஒருவரின் விந்தை முயற்சியாகவும் வாசிக்கப்பட்டது என்பதை இங்கே குறிக்க வேண்டும்.

ஒளிக்கசிவு: பழுதும் போலியும்

ஒளிப்படக்கலையில் கசிவு என்பது நீர்மத்தைச் சார்ந்ததன்று. கருவியின் மூடி இறுகப் பொருந்தாதபோது இடுக்கின் வழியே ஒளி நுழைந்து படச்சுருளில் செம்மஞ்சள் அல்லது வெண்மைத் தடங்களை உண்டாக்கும். இதனை ஒளிக்கசிவு என்பர். மரபான ஒளிப்படக்கலைஞருக்கு இது பழுது. கருவியின் உட்புறத்தைக் கறுப்புத் துணிகொண்டும் நுரைப்பட்டை கொண்டும் அடைப்பது கருவி பழுதுபார்ப்பவரின் அன்றாட வேலை.

1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் அறிமுகமான ஹோல்கா என்னும் மலிவு விலை நெகிழிக் கருவியில் இக்கசிவு சாதாரணம். சிலர் கறுப்பு ஒட்டுநாடாவால் இடுக்குகளை மூடினர். வேறு சிலர் அவற்றை மூடாமல் விட்டு, எதிர்பாராத தடங்களைப் படத்தின் பண்பாகவே கொண்டனர். இது கசியவிடுதல். பொல்லாக்கின் இசைவோடு ஒப்பிடத்தக்க நிலை.

2009இல் வெளிவந்த ஹிப்ஸ்டமேட்டிக் போன்ற கைப்பேசிச் செயலிகள் அடுத்த நிலைக்குச் சென்றன. எண்மக் கருவியில் படச்சுருளும் இல்லை. அதன்மேல் ஒளி கசிய இடுக்கும் இல்லை. எனினும் கசிவின் தடம் ஒரு வடிகட்டியாகப் படத்தின்மேல் இடப்படுகிறது. இது கசிதலன்று, கசியவிடுதலுமன்று, கசிந்ததுபோல் ஆக்குதல். படம் கெட்டுவிடும் என்னும் இடர் முதல் இரண்டு நிலைகளிலும் உண்டு. ஒரு முழுச்சுருளும் வீணாகலாம். போலிக் கசிவில் அவ்விடர் இல்லை. விரும்பாவிடில் விரலசைவில் நீக்கிவிடலாம். இடரை இழந்த கசிவு ஓர் அணிகலனாகிவிடுகிறது. அது தரும் கடந்தகால உணர்வும் ஒருபோதும் நிகழாத ஒரு பழுதின் நினைவாகவே எஞ்சுகிறது.

அடைபட்ட நீர்: ஹாக்கே

அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை கசிவு அழிவின் அறிகுறி. சுவரோவியங்கள், காகிதப் படைப்புகள், மரச்சிற்பங்கள் ஆகிய அனைத்துக்கும் மிகை ஈரப்பதம் பகை. ஆகவே காட்சிக்கூடத்தின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துவது காப்பாளரின் முதற்கடமைகளுள் ஒன்று. இப்பின்னணியில் ஹான்ஸ் ஹாக்கேயின் 'ஆவி சுருங்கும் கனசதுரம்' கருதத்தக்கது. 1963 முதல் 1965 வரை உருவானதாகக் குறிக்கப்படும் இப்படைப்பு, சிறிதளவு நீரை உள்ளடக்கி மூடிய ஒளிபுகும் நெகிழிப் பெட்டி. அறையின் வெப்பத்தால் நீர் ஆவியாகி உட்சுவரில் துளிகளாகப் படிந்து வழிகிறது. பார்வையாளரின் உடல்வெப்பமும் விளக்கொளியும்கூட அதன் தோற்றத்தை மாற்றுகின்றன.

இங்கே நீர் உண்மையாகவே சொட்டுகிறது. ஒரு நொடியின் துளிக்கோலம் அப்படியே மீண்டும் அமைவதில்லை. காட்சிக்கூடம் மறைவாகக் கட்டுப்படுத்தும் ஈரப்பதத்தை ஹாக்கே காட்சிப்பொருளாக்கினார் என்பது இதன் சிறப்பு. ஆனால் பெட்டி அடைக்கப்பட்டது. அந்நீர் உள்ளே சொட்டலாம்; வெளியே கசியக்கூடாது. அருங்காட்சியகம் நீரை ஏற்பதற்குரிய நிபந்தனையே அப்பெட்டியின் வடிவமாகிறது. எட்கர்ட்டனின் துளி நொடியில் அடைக்கப்பட்டது. ஹாக்கேயின் துளி பெட்டியில் அடைக்கப்பட்டது. இரண்டும் எவர் கையையும் நனைப்பதில்லை.

துடைக்கப்பட்ட கறை: கிப்பன்பெர்கர்

முன்னுரையில் சுட்டிய படைப்பு 1987ஆம் ஆண்டுக்குரியது. 'கூரையிலிருந்து சொட்டத் தொடங்கும்போது' எனப் பொருள்படும் தலைப்புடையது. மரச்சட்டங்களை அடுக்கிய கோபுரம் போன்ற அமைப்பும் அதனடியில் ரப்பர்த் தொட்டியும் கொண்டது. ஒழுகும் கூரையின் அடியில் கலம் வைப்பது எந்நாட்டு வீட்டிலும் காணக்கூடிய செயல். கலைஞர் அச்செயலையும் அதன் விளைவான கறையையும் வண்ணத்தால் போலி செய்தார். அப்படைப்பின் மேல் எந்தக் கூரையும் ஒழுகவில்லை. அத்தொட்டியில் இருந்தது மழைநீரின் தடமன்று, வண்ணம். ஆகவே இது ஒளிக்கசிவுச் செயலியைப் போன்றே கசிந்ததுபோல் ஆக்குதல் என்னும் நிலையைச் சாரும்.

ஒரு வேறுபாடு உண்டு. செயலியின் கசிவை எவரும் உண்மை எனக் கொள்வதில்லை. கிப்பன்பெர்கரின் கறையோ உண்மை எனக் கொள்ளப்பட்டது. அதனை அவ்வாறு கொண்டவர், அன்றாடம் உண்மைக் கறைகளை அகற்றுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர். பணியாளர்கள் படைப்புகளிலிருந்து 20 சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும் என்னும் அறிவுறுத்தல் இருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. எனவே விதிமீறல் நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விதிமீறலும் தவறான வாசிப்பும் ஒன்றல்ல. கறை போலியாக்கத்தின் இலக்கு உண்மைபோல் தோன்றுவது எனில், அக்கறையை மிகச் சரியாக வாசித்தவர் அப்பணியாளரே.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இவ்வாசிப்பு படைப்பின் அழகியல் மதிப்பைக் குறைக்கிறது என்பது. அவ்வாறன்று. கறையின் நம்பகத்தன்மையை ஏற்பதே இவ்வாசிப்பின் தொடக்கம். இரண்டாவது, துடைத்தல் மூலம் படைப்பு நிறைவுற்றது, பணியாளரும் இணைக்கலைஞர் ஆகிவிட்டார் என்னும் வாதம். இது கேட்க இனிதாயினும் ஏற்கத்தக்கதன்று. அவர் கலை செய்ய முற்படவில்லை, வேலை செய்தார். அவ்வேலையை அவர் இசைவின்றிக் கலையாக்குவது, அதனைக் காணாமலிருப்பதன் மற்றொரு வடிவமே. அவருடைய செயலை வேலை என்றே பெயரிட்டு, அதற்குரிய அறிவை ஏற்பதே நேர்மையான வழி.

துடைத்தலுக்குரிய மதிப்பு: யூக்கெலெஸ்

இவ்வழியில் முன்னரே நடந்தவர் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூக்கெலெஸ். தாய்மைக்குப் பின் கலைப்பணியும் வீட்டுப்பணியும் தம்மை இருவேறு மனிதர்களாகப் பிரிப்பதை உணர்ந்த அவர், 1969இல் பராமரிப்புக் கலைக்கான அறிக்கையை எழுதினார். 1973இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் படிக்கட்டுகளையும் தளத்தையும் நீரூற்றிக் கழுவித் துடைத்தார்.

அவ்வாண்டில் அங்கு அவர் நிகழ்த்திய மற்றொரு செயல் நம் வினாவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. எகிப்தியப் பதனுடல் வைக்கப்பட்ட கண்ணாடிப் பேழையைத் துடைப்பது பராமரிப்புப் பணியாளரின் வழக்கமான வேலை. யூக்கெலெஸ் அதே பேழையைத் துடைத்து அதனைப் பராமரிப்புக் கலைப்படைப்பு என முத்திரையிட்டார். கலைப்படைப்பாகிவிட்டதால் அதனை இனிப் பணியாளர் தொடக்கூடாது. காப்பாளர் மட்டுமே துடைக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. துணி ஒன்று, கண்ணாடி ஒன்று, கையசைவும் ஒன்று. எழுவாய் மாறியபோது அச்செயல் முறையே வேலையாகவும் கலையாகவும் பாதுகாப்பு நுட்பமாகவும் பெயர் பெற்றது. டார்ட்முண்டில் 38 ஆண்டுகளுக்குப் பின் விபத்தாக நிகழ்ந்ததை யூக்கெலெஸ் முன்னரே ஒரு வாதமாக நிகழ்த்திக் காட்டிவிட்டார் எனலாம்.

யூக்கெலெஸின் முயற்சிக்கும் எல்லை உண்டு. 1979, 1980ஆம் ஆண்டுகளில் அவர் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் ஏறத்தாழ 8,500 பணியாளர்களை நேரில் கண்டு கைகுலுக்கி நன்றி கூறினார். கலை வரலாற்றில் நிலைத்தது அவர் பெயர். அக்கைகளுக்குரியோர் எண்ணிக்கையாகவே எஞ்சினர். ஆயினும் துடைப்பவர் ஒருவர் இருக்கிறார் என்னும் உண்மையைக் காட்சிக்கூடத்தின் நடுவே கொண்டுவந்த பெருமை அவருக்குரியது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகளை எட்ட முடிகிறது. சொட்டும் கசிவும் பற்றிய கலைகளைத் தற்செயல், கட்டுப்பாடு என்னும் எதிர்வுக்குள் அடக்குவது போதாது. தானே கசிதல், கசியவிடுதல், கசிந்ததுபோல் ஆக்குதல் என்னும் மூன்று நிலைகள் படைப்புகளைத் துல்லியமாக வேறுபடுத்துகின்றன. பொல்லாக்கின் கோடுகளும் ஹோல்காவின் தடங்களும் இரண்டாம் நிலையிலும், செயலியின் வடிகட்டியும் கிப்பன்பெர்கரின் கறையும் மூன்றாம் நிலையிலும் அமைகின்றன. எட்கர்ட்டனும் ஹாக்கேயும் முதல் நிலையை நாடினாலும், நொடியாலும் பெட்டியாலும் அதற்கு வேலியிடுகின்றனர்.

இவ்வேறுபாடுகளைக் காணத் தமிழ் வினைகளின் அமைப்பு துணைசெய்தது. கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் அளவில் நடைபெறுகிறது. வினைச்சொற்களையும் அவற்றின் எழுவாயையும் கருதும்போது, மொழிபெயர்ப்பில் தவறிவிடும் வினாக்கள் சிலவற்றை மொழியே எழுப்புகிறது. கலைத்திறனாய்வுத் தமிழ் இத்திசையில் மேலும் செல்ல இடமுண்டு.

இறுதியாக, கசிவின் அழகை எழுதும் திறனாய்வாளர் ஒவ்வொருவரும் இரண்டாம் வாக்கியம் ஒன்றை எழுதக் கடமைப்பட்டவர். 'நீர் கசிந்தது' என்பது முதல் வாக்கியம். அதற்கு மனித எழுவாய் தேவையில்லை என்பதால் எழுதுவது எளிது. 'அதனை இன்னார் துடைத்தார்' என்பது இரண்டாம் வாக்கியம். டார்ட்முண்ட் நிகழ்வு பற்றிய செய்திகளில் இவ்வாக்கியம் நகைப்புக்காக மட்டுமே எழுதப்பட்டது. அதனை ஆய்வுக்குரிய வாக்கியமாக எழுதத் தொடங்கும்போது, கறை எவருக்குக் கலை, எவருக்கு வேலை என்னும் வினா கலை வரலாற்றின் உள்ளேயே இடம்பெறும்.